மூன்று ஏழு போட்டும் ஓடாத சேர்வர்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே ஒரு மந்திரத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறீர்கள். புதிதாக ஒரு மென்பொருளைச் சேர்வரில் நிறுவி ஓடவிடும்போது, ‘இந்தக் கோப்புறைக்குள் நுழைய அனுமதி இல்லை’ என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், உடனே அந்தக் கோப்புறையின் அனுமதி எண்ணாக மூன்று ஏழு. அதாவது வருகிறவன் போகிறவன் எல்லோரும் பார்க்கலாம், எழுதலாம், வேண்டுமென்றால் அழிக்கவும் செய்யலாம். கடை முகப்பில் 786 எழுதுகிற ஊரில் பிறந்துவிட்டு, கணினிக்குள் 777 எழுதுகிறீர்கள். மிச்சத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையாக இருக்க வேண்டும்.

நான் கல்முனையில் சேர்வர் பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். எனக்கு அறிவுரை சொல்லப் பிடிக்காது. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. உங்கள் வயதில் நானும் கேட்டதில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து பேரின் உயிர் ஒரு கோப்புறைக்குள் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவள் என்ற முறையில் இந்த ஒரு கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேட்டபிறகும் மூன்று ஏழுதான் போடுவேன் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

எங்கள் நிறுவனத்துக்கு அப்போது ஆழ்கடல் படகு உரிமையாளர் சங்கம் ஒன்றின் வேலை வந்தது. நாட்கணக்கில் கடலில் கிடக்கிற பெரிய இயந்திரப் படகுகள். ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னக் கருவி. படகு நிற்கும் இடத்தை அது செய்மதி வழியாகச் சங்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சங்கத்தில் இருந்த பழைய கணினி மூச்சு வாங்கத் தொடங்கியிருந்ததால், புதிய சேர்வரும் புதிய மென்பொருளும் போட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். வேலையை என் கீழ் வேலை செய்த ரிஸ்மியிடம் கொடுத்தேன். நல்ல கெட்டிக்காரன். மரியாதை தெரிந்தவன் என்பது மட்டும்தான் அவனிடம் இருந்த குறை.

மரியாதை எப்படிக் குறையாகும் என்று கேட்பீர்கள். கடற்தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. மீன் படும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். தெற்கே பிடித்துவிட்டு வந்து வடக்கே என்பார்கள். படகு நிறைய மீனோடு வந்து நின்றாலும் ‘எங்க, இந்தமுற ஒண்டுமில்ல’ என்பார்கள். அப்படிப்பட்டவர்களின் படகுகளை ஒரே திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டுகிற மென்பொருளை நாங்கள் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும்?

முதல் கூட்டத்திலேயே காதர் ஹாஜியார் எழுந்துவிட்டார். சங்கத்தில் மூத்த முதலாளி அவர்.

“மிஸ், என்ட போட் எங்க நிக்குதெண்டு இங்க இரிக்கிற ஒருத்தருக்கும் தெரியப்படாது. என்ட பொஞ்சாதிக்கும் தெரியப்படாது.”

“அப்ப ஆருக்குத் தெரியலாம் ஹாஜியார்?”

“எனக்கு.”

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். மீராலெவ்வை என்ற ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டு, “நான் இங்க கிட்ட, கோமாரிக்கு நேராத்தானே வல போடுற. அது ஊருக்கே தெரியும். மறைக்க என்ன இரிக்கி?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “எண்டாலும் மறைச்சு உடுங்க,” என்றார்.

கடலில் யாருக்காவது ஆபத்து வந்தால் றேடியோவில் முதலில் கேட்கிறவள் சங்கக் காரியாலயத்தில் இருக்கும் சபானா. அவளாவது எல்லாப் படகையும் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் கணவன் ஜௌபர்தான் காதர் ஹாஜியாரின் படகை ஓட்டுகிறவன். ஆகவே அவளுக்குக் காட்டினால் ஹாஜியாருக்குக் காட்டியது போலத்தான் என்று மற்ற முதலாளிமார் ஒரே குரலில் மறுத்தார்கள். ஹாஜியாரும் மறுத்தார், அவருடைய காரணம் வேறு: அவள் மனிசி, கதைத்துப்போடுவாளாம். அந்தச் சங்கத்தில் எல்லோரும் ஒன்றுபட்டு எடுத்த ஒரே தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும்.

ரிஸ்மி நிறுவுகிற நாளில் முதலாளிமார் அவன் முதுகுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். பழைய கணினியில் இருந்த பதிவுகளை அவன் புதியதற்கு மாற்றினான். “பூட்டு மகன்,” என்றார்கள். பூட்டினான். “அதுக்கு மேலயும் ஒரு பூட்டுப் போடு,” என்றார்கள். மேல் கோப்புறையையும் பூட்டினான். பழைய கணினியில் மிச்சம் ஏதும் இருந்து யாராவது பார்த்துவிடக் கூடாதென்று, அதைத் துடைத்து அன்றைக்கே அப்புறப்படுத்தவும் வைத்தார்கள். மென்பொருள் ஓடுகிறதா என்று பார்ப்பதற்குள் பகல் சாப்பாடு வந்துவிட்டது. நெய்ச்சோறு. சாப்பிட்டுவிட்டு, ஓடவிடும் வேலையைத் திங்கட்கிழமை பார்ப்போம் என்று எழுந்துவிட்டார்கள். மூத்தவர்கள் சொல்லும்போது எப்படி மறுப்பது என்று ரிஸ்மியும் வந்துவிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். குரலே சரியில்லை.

“மிஸ், கெதியா வாங்க. ஹாஜியார்ட போட்டுக்குள்ள தண்ணி ஏறுதாம். எஞ்சின் நிண்டுட்டாம். ஜௌபர் நானா றேடியோவுல கதைச்சிட்டு இரிக்கக்குள்ள கட்டாகிட்டு.”

“எங்க நிக்கிறதாச் சொன்னாரு?”

“அதச் சொல்ல முந்தித்தான் கட்டாகினது.”

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். சங்கக் காரியாலயத்தின் மாடி அறையில் நிற்க இடமில்லை. கடற்படைக்குச் சொல்லியாகிவிட்டது. படகு நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படகில் இருந்த கருவிக்குத் தனி பற்றரி. அது தன் பாட்டில் இடத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. சேர்வருக்கு அது வந்து சேர்ந்துகொண்டும் இருந்தது. ஆனால் அந்தக் குறிகளை வாசித்துப் புள்ளியாக்குவதற்கு மென்பொருள் ஓட வேண்டும். மென்பொருளோ ஓடமாட்டேன் என்று நின்றது.

சபானா றேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஜௌபரின் படகைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், பதில் வராது, திரும்பவும் கூப்பிடுவாள்.

நான் போவதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சபானா முதலில் ஹாஜியாரிடம்தான், படகு எந்தப் பக்கம் போனது என்று கேட்டிருக்கிறாள். மனிதர் பதறிப்போய், “வடக்கால,” என்றிருக்கிறார். அவள் அதைக் கடற்படைக்குச் சொல்லியும்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஹாஜியார் தலையில் கைவைத்து, “வடக்கால இல்ல மகள், தென்கிழக்கால. வாய் தானா அப்பிடிச் சொல்லிப்போட்டு,” என்று அழுதாராம். வருசக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், ஆபத்து நேரத்தில் அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. தென்கிழக்கு என்றாலும் கடல் என்ன குளமா? பெரும்பரப்பு. காற்று வேறு எழும்பியிருந்தது.

ரிஸ்மி என்ன செய்திருந்தான் என்றால், நீங்கள் செய்வதைத்தான் செய்திருந்தான். முதலில் ஓடவிட்டிருக்கிறான், கோப்புறைக்குள் நுழைய அனுமதி இல்லை என்று வந்தது. அறை முழுவதும் ஒரே சத்தம்: “எல்லாத்தையும் தொறந்து உடு மகன்! ஆரும் பாக்கட்டும்!” மனைவிக்குக்கூடக் காட்டாதே என்றவர்கள்தான். அவனும் மேலிருந்து கீழ்வரை மூன்று ஏழு போட்டிருக்கிறான். ஓடவிட்டால் மென்பொருள் திரும்பவும் மறுத்தது. இந்தத் தடவை வேறு காரணம்: கோப்புறை எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது, இப்படிப்பட்ட இடத்தில் நான் ஓடமாட்டேன்.

“முதல்ல பூட்டிக்கிடக்கெண்டுச்சு, இப்ப தொறந்துகிடக்கெண்டுதா? இதென்ன மெஷினா, மாமியா?” என்றார் ஒரு முதலாளி. அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ரிஸ்மி பயந்துபோய்ப் பழையபடி எல்லாவற்றையும் பூட்டினான். ஓடவில்லை. திறந்தான். ஓடவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மறுபடியும் பூட்டியிருந்தான். பசித்தவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதைப் போல. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே புதிதாக ஏதாவது வந்திருக்கும் என்ற எண்ணம்.

அப்போதுதான் ஒருவர், “அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க. என்ட போன் நிண்டா அப்பிடித்தான் செய்வாங்க. அஞ்சு நிமிசம்,” என்றார். எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. “ஓம், ஓம், அழி,” என்றார்கள். ரிஸ்மியின் விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது.

“கைய எடு,” என்றேன்.

எடுத்துவிட்டான். எந்தக் கருவி எந்தப் படகில் இருக்கிறது, அது அனுப்பும் குறியை எப்படி வாசிப்பது என்ற விபரம் எல்லாம் பூட்டிக் கிடந்த அந்தக் கோப்புறைக்குள்தான். பழைய கணினியும் துடைத்தாயிற்று. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் மென்பொருள் அழகாக ஓடும். வெறும் கடல் தெரியும்.

என் முதுகுக்குப் பின்னால் கூச்சல். “மிஸ் என்ன சும்மா பாத்துட்டு இரிக்காங்க?” என்று ஒரு குரல். உண்மைதான், நான் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒன்றை அடித்துவிட வேண்டும் என்று விரல் துடித்தது. அடித்தால் வேலை செய்வது போலத் தெரியும், அறையில் உள்ளவர்களுக்கு ஆறுதலாகவும் இருக்கும். இந்த ஆறுதலைத் தேடித்தான் பல சேர்வர்கள் செத்திருக்கின்றன. நான் மறுப்புச் செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தேன். பிறகு ரிஸ்மியிடம் இரண்டு கேள்வி கேட்டேன்.

“இந்தப் போல்டர் ஆர்ட பேர்ல?”

“ரூட்ட பேர்ல மிஸ். நான் ரூட்டா இருந்துதானே கொப்பி பண்ணின.”

“ஓடுற ஆள் ஆரு?”

அவன் பயனர் பட்டியலைத் திறந்தான். மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு பயனர் பெயரில் ஓடுகிறது. அது எல்லா அதிகாரமும் உள்ள தலைமைப் பயனரான ரூட்டும் அல்ல, ரிஸ்மியும் அல்ல, அந்த அறையில் நின்று சத்தம் போட்ட எந்த முதலாளியும் அல்ல. எல்லோருக்கும் பூட்டி, எல்லோருக்கும் திறந்து பார்த்தார்களே தவிர, உள்ளே இருந்து வேலை செய்ய வேண்டிய அந்த ஒருவனை யாரும் நினைக்கவே இல்லை.

எங்கள் கரையில் கல்யாணம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணின் பேரில். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வீட்டு உறுதிப் பத்திரம் யார் பேரில் இருந்தாலும் குடியிருக்கிறவர் கையில் திறப்புச் சாவி இருக்கும், மற்றவனுக்கு வாசல் மூடியிருக்கும். இங்கே உறுதியும் ரூட்டிடம், திறப்பும் ரூட்டிடம். மாப்பிள்ளையை றோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே ஏன் விளக்கு எரியவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு கதவையே கழற்றி எறிந்தோம். ஊரார் எல்லாம் புகுந்து வருகிற வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்று மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார். நியாயமான மாப்பிள்ளைதான்.

உள் கோப்புறையை மென்பொருளின் பேருக்கு மாற்றி, அதற்கு மட்டும் திறந்து, மற்ற எல்லோருக்கும் பூட்டச் சொன்னேன். செய்தான். ஓடவிட்டான். அனுமதி இல்லை.

அறையே ‘யா அல்லாஹ்’ என்றது. ஹாஜியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். மீராலெவ்வை கீழே நின்ற தன் வான் வண்டிக்கு ஓடினார். அந்த வானில் அவருக்குச் சொந்தமாக ஒரு றேடியோ செட் இருந்தது. காலையிலிருந்து அவர் அங்கே போவதும் வருவதுமாகத்தான் இருந்தாராம்.

சபானா முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். “ஏலாதா மிஸ்?” என்றாள். அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

“ஏலும் மகள். மேல இருந்து ஒவ்வொரு வாசலாப் பாத்துட்டு வாறம்,” என்றேன். எனக்கே நிச்சயமில்லை. ஆனால் திரும்பவும் அதே மறுப்பு வந்தால், செய்த மாற்றமே பிழை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேதான் ஆட்கள் தடுமாறி, சரியாகச் செய்ததையும் கலைத்துவிடுவார்கள். உச்சியிலிருந்து கோப்புறை கோப்புறையாக இறங்கினோம். முதலாளிமார் சொல்லி ரிஸ்மி போட்ட அந்த மேல்பூட்டு அப்படியே இருந்தது. உள் அறையின் திறப்பைக் கொடுத்துவிட்டு முன்வாசலை மூடி வைத்திருந்தோம். மேல் கோப்புறையில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாமல், கடந்து போக மட்டும் மென்பொருளுக்கு வழிவிட்டோம்.

ஓடியது.

கடல் முதலில் வெறுமையாக வந்தது. ஒரு புள்ளியும் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் ஹாஜியார் எழுந்து என் காதருகில் வந்தார்.

“மிஸ், மத்தவங்களக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்களேன்.”

அவருடைய படகில் அவருடைய ஐந்து ஆட்கள் தண்ணீருக்குள் நிற்கிறார்கள். அதுவரை தரையில் கிடந்து அழுத மனிதர். அந்த அழுகை பொய்யில்லை, இந்த வேண்டுகோளும் பொய்யில்லை. நான் பதில் சொல்வதற்குள் சபானா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“என்ட மனிசன் சாகக் கிடக்காரு, நீங்க மீனயா மறைக்கீங்க?”

அவள் அவரிடம் குரலை உயர்த்தியதை அதுவரை யாரும் கேட்டதில்லையாம். ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். நான் திரையை எல்லோர் பக்கமும் திருப்பி வைத்தேன்.

புள்ளிகள் வந்தன. தென்கிழக்கே, நன்றாக வெளியே, ஹாஜியாரின் படகு. சபானா இடத்தை வாசித்துக் கடற்படைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. வந்து சேர நேரமெடுக்கும், பக்கத்தில் வேறு படகு உண்டா என்று அவர்கள் கேட்டார்கள்.

இருந்தது. ஹாஜியாரின் படகுக்கு மிகக் கிட்ட இன்னொரு புள்ளி, அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தது. ரிஸ்மி பெயரை வாசித்தான். மீராலெவ்வையின் படகு.

“கோமாரி எப்ப அவ்வளவு தூரம் போனது?” என்றார் ஒருவர்.

அந்த நேரம் பார்த்து மீராலெவ்வை மூச்சு வாங்க மாடிக்கு ஏறி வந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

“காலையில இருந்து தேடச் சொல்லித்தான் இரிக்கன் காக்கா,” என்றார் ஹாஜியாரிடம். “எந்தப் பக்கமெண்டு தெரியாம அலையுறானுகள். பொயின்ட்டச் சொல்லுங்க, பொயின்ட்ட!”

சபானா சொன்னாள். அவர் திரும்பவும் வானுக்கு ஓடினார். பிறகு நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு புள்ளி இன்னொரு புள்ளியை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வேலைக்காலத்தில் ஒரு திரையை நான் அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை. பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும்போது கீழிருந்து மீராலெவ்வையின் சத்தம் கேட்டது.

“அஞ்சு பேரும் ஏறிட்டானுகள்! அஞ்சு பேரும்!”

ஹாஜியார் படியிறங்கிப் போய் மீராலெவ்வையைக் கட்டிப்பிடித்தார். அழுதுகொண்டே, “கள்ளன், நான் மீன் புடிக்கிற பாட்டத் திருட வந்தவன், அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசத் தரட்டும்,” என்றார். சாபமும் துஆவும் ஒரே மூச்சில் வந்ததை அன்றுதான் கேட்டேன். மீராலெவ்வை, “உங்களுக்குப் பின்னாலதான் எப்பவும் வாற காக்கா. இண்டைக்கு மட்டும் ஏசாதீங்க,” என்றார். படகு மூழ்கிவிட்டது. ஆட்களை மறுநாள் ஒலுவில் கரையில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இதோடு முதலாளிமார் திருந்திவிட்டார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. அடுத்த கிழமையே கூட்டம். எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட வேண்டும் என்றார்கள். அன்றைக்குத் திரையில் பார்த்த இடங்களை மறந்துவிடுவதாக ஒருவருக்கொருவர் வாக்கும் கொடுத்தார்கள். யார் மறந்திருப்பார்கள்? நான் சரியென்றேன். மூடுவது அவர்கள் உரிமை. ஆனால் இந்தமுறை ரிஸ்மி மரியாதையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“மூடலாம் ஹாஜியார். றேடியோவுல இரிக்கிற ஆளுக்குத் திறப்பு இல்லாம நான் மூடமாட்டன்,” என்றான்.

சலசலப்பு. வழக்கமான மறுப்புகள் எல்லாம் வரிசையாக வந்தன. அவள் யாருடைய மனைவி, யாரிடம் சொல்லுவாள், எந்தப் பாட்டை யாருக்குக் காட்டிக்கொடுப்பாள். சபானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். கடைசியில்தான் வாயைத் திறந்தாள்.

“மீன் எங்க நிக்குதெண்டு எனக்கு வேணாம் மிஸ். மனிசர் எங்க நிக்கிறாங்கெண்டு தெரிஞ்சாப் போதும்.”

ஹாஜியார்தான் முதலில் கையை உயர்த்தினார், அடுத்தது மீராலெவ்வை. ரிஸ்மி அங்கேயே உட்கார்ந்து கட்டளையை அடித்தான்: சபானாவுக்கு, எல்லாப் படகும், பார்க்க மட்டும்.